ஆறு மாதம் ஏர், ஆறு மாதம் அடுப்பு

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பது நம் நாட்டுப் பழமொழி. சட்டிக்கு வருவதெல்லாம் வயலிலிருந்துதான் வருகிறது. ஆனால் வயலில் உழைப்பவருக்கும் சட்டியைக் கிளறுபவருக்கும் இடையே இன்று பல கைகள் புகுந்துவிட்டன. தாம் விளைவித்த காய் யார் வீட்டு இலைக்குப் போகிறது என்று உழவருக்குத் தெரிவதில்லை. தாம் நறுக்கும் காய் எந்த மண்ணில் விளைந்தது, என்ன இரகம், பறித்து எத்தனை நாளாயிற்று என்று சமைப்பவருக்குத் தெரிவதில்லை. இதனால் இருவருக்குமே நட்டம்.

உழவரின் நட்டத்தைக் கணக்கிட்டும் பார்த்திருக்கிறார்கள். இந்திய ரிசர்வ் வங்கியின் ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட ஆய்வுகளின்படி, தக்காளி வாங்குபவர் கொடுக்கும் ஒரு ரூபாயில் உழவருக்குச் சேர்வது சுமார் 33 காசு. வெங்காயத்தில் 36 காசு, உருளைக்கிழங்கில் 37 காசு. வண்டி வாடகை, ஏற்றுக்கூலி, தரகு, அழுகல் சேதம், வியாபாரிகளின் இலாபம் என்று மீதி கரைந்துவிடுகிறது. அதே காய் உணவு விடுதியில் சமைத்த பண்டமாக விற்கும்போது உழவரின் பங்கு இன்னும் சிறுத்துப் போகும்.

இந்த இடைவெளியைத் தம் அளவில் அடைத்துக் காட்டியவர்கள் சிலர் உண்டு. அவர்கள் ஏரும் பிடிப்பார்கள், அடுப்பும் மூட்டுவார்கள். விளைவித்த கையே சமைத்தும் தருவதால் என்ன பயன் என்பதை அவர்கள் வாழ்க்கையிலிருந்து நம் உழவர்கள் தெரிந்துகொள்ளலாம்.

சென்னைச் சமையலறையும் செட்டிநாட்டு மண்ணும்

சென்னையில் மந்தைவெளிக்கும் அடையாற்றுக்கும் இடையே உள்ளது ராஜா அண்ணாமலைபுரம். அருகிலுள்ள மந்தைவெளியின் பெயரிலேயே கால்நடை மந்தையும் வெளியும் இருக்கின்றன. இன்று அங்கே மந்தையும் இல்லை, வயலும் இல்லை. அடுக்குமாடிக் குடியிருப்புகளும், அலுவலகங்களும், பெரிய ஓட்டல்களும்தான் உள்ளன. 1996-இல் கோயம்பேட்டில் மொத்தச் சந்தை அமைந்த பிறகு, நகரத்தின் பிற பகுதிகளைப் போலவே இப்பகுதிச் சமையலறைகளுக்கும் பெரும்பாலான காய்கறி அந்த வழியாகவே வந்து சேருகிறது.

இப்பகுதி ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் (1881-1948) பெயரைத் தாங்கியது. 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய அவர் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானைச் சேர்ந்தவர். அடையாற்று முகத்துவாரத்தையொட்டி அவர் எழுப்பிய செட்டிநாடு மாளிகையும் இங்கேதான் இருக்கிறது. செட்டிநாட்டுச் சமையல் என்றால் இன்று சென்னை ஓட்டல்களில் தனி மதிப்பு. ஆனால் அந்தச் சமையல் உருவான சிவகங்கை, புதுக்கோட்டைப் பகுதிகள் செழிப்பான ஆற்றுப் பாசன நிலங்கள் அல்ல. பெரும்பகுதி கண்மாய் நீரையும் மழையையும் நம்பிய மண். கத்தரி வற்றல், மாவற்றல், மிளகாய், சின்ன வெங்காயம், பருப்பு, புளி, கவுனி அரிசி ஆகியவை அந்தச் சமையலில் முக்கிய இடம் பெற்றிருப்பதைக் கவனித்தால் இது விளங்கும். காய் கிடைக்கும் காலத்தில் வெயிலில் உலர்த்தி வைத்து, கிடைக்காத காலத்தில் சமைப்பது வறண்ட நிலத்தார் கண்ட வழி.

நகரத்தார் விரும்பிச் சாப்பிடும் சுவைக்கு வறண்ட மண்ணே தாய் என்றால், அந்த மண்ணில் உழுபவருக்கு அந்தச் சுவையில் பங்கு உண்டா என்ற கேள்வி எழுகிறது. இதற்கு விடை சொல்லும் ஒரு குடும்பம் புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ளது.

சின்ன வீரமங்கலத்துச் சமையற்காரர்

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆண்டு மழை ஏறத்தாழ 900 மில்லிமீட்டர். கல்லணைக் கால்வாய் எட்டும் பகுதிகள் போக, மற்ற இடங்களில் கண்மாயும் ஆழ்துளைக் கிணறும்தான் துணை. வடகிழக்குப் பருவமழையை நம்பிச் சம்பா நெல் போட்டு, தை, மாசியில் அறுத்துவிட்டால் பல குடும்பங்களுக்கு அடுத்த பருவம் வரை வயலில் வேலை குறைவு. அந்த மாதங்களில் வேலை தேடித் திருப்பூருக்கும் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் இளைஞர்கள் போய்விடுகிறார்கள். போனவர்களில் பலர் திரும்புவதில்லை. வயல் தரிசாகிறது.

இந்த மாவட்டத்துச் சின்ன வீரமங்கலத்தைச் சேர்ந்தவர் பெரியதம்பி. வேளாண்மைக் குடும்பத்தவர். விழாக்களுக்கும் விசேஷங்களுக்கும் சமைத்துக் கொடுத்துப் பழகிய சமையற்காரர். அவருடைய பேரன்மார் சுப்பிரமணியன், முருகேசன், ஐயனார், தமிழ்ச்செல்வன், முத்துமாணிக்கம் ஆகிய ஐவர். ஆண்டில் ஏறக்குறைய ஆறு மாதம் வயலில் வேலை, மீதி ஆறு மாதம் கையில் வேலை இல்லை என்பதே அக்குடும்பத்தின் நிலையாக இருந்தது. ஓய்ந்திருந்த மாதங்களுக்கு வேலை தேடியபோது, தாத்தாவின் கைத்தொழிலே அவர்களுக்கு வழி காட்டியது.

2018-இல் இவர்கள் 'வில்லேஜ் குக்கிங் சேனல்' என்ற பெயரில் யூடியூபில் சமையல் படங்களை வெளியிடத் தொடங்கினார்கள். வயல் வெளியிலும் மர நிழலிலும் விறகடுப்பு மூட்டி, பெரிய பாத்திரங்களில் சமையல். மசாலா அரைப்பது அம்மியில். போடும் பண்டம் ஒவ்வொன்றின் பெயரையும் உரக்கச் சொல்லிப் போடுவது இவர்கள் வழக்கமாயிற்று. சமைத்த உணவை முதியோர் இல்லங்களில் இருப்பவர்களுக்கும் ஆதரவற்றோருக்கும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

2021 ஜனவரியில் தமிழகம் வந்த ராகுல் காந்தி இவர்களோடு உட்கார்ந்து காளான் பிரியாணி சாப்பிட்டார். அதே ஆண்டு ஜூலையில் இவர்களின் படங்களைப் பின்தொடர்வோர் எண்ணிக்கை 1 கோடியைத் தொட்டது. தமிழில் இந்த எண்ணிக்கையை முதலில் எட்டியவர்கள் இவர்களே. அப்போது தங்கள் வருமானத்திலிருந்து 10 இலட்சம் ரூபாயை முதலமைச்சரின் நிவாரண நிதிக்கு அளித்தார்கள். 2022-இல் வெளிவந்த 'விக்ரம்' திரைப்படத்திலும் தோன்றினார்கள். பின்தொடர்வோர் எண்ணிக்கை பின்னர் 2 கோடியையும் கடந்தது.

எதனால் வென்றார்கள்?

இதைப் படித்துவிட்டு எல்லா உழவர்களும் கையில் படப்பிடிப்புக் கருவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட முடியாது. அத்தகைய வெற்றி ஆயிரத்தில் ஒருவருக்குக் கிடைப்பதே அரிது. ஆனால் அந்த வெற்றிக்கு அடியில் இருந்த மூன்று காரணங்கள் எந்தக் கிராமத்திலும் உள்ளவையே.

முதலாவது, குடும்பத்துக்குள் இருந்த கைத்தொழில். நூறு பேருக்குச் சமைக்கும் அறிவு ஒருவரிடம் இருந்தது. அது ஏட்டுப் படிப்பால் வராது. இரண்டாவது, வயலில் வேலை இல்லாத மாதங்கள். அந்த மாதங்களை வீண் என்று எண்ணாமல் முதலீடாக எண்ணினார்கள். மூன்றாவது, ஊரை விட்டுப் போகாமை. வயல், நிழல், விறகு, அம்மி, உறவினர் உழைப்பு ஆகிய எல்லாமே ஊரில் இருந்தன. வெளியிலிருந்து வாங்க வேண்டியது மிகச் சிறிது.

இவர்கள் விற்றது நெல்லையோ காயையோ அல்ல. விளைபொருள் எப்படி உணவாகிறது என்ற அறிவையே விற்றார்கள். அந்த அறிவு உழவரிடம் இருந்தால், படம் எடுக்காமலேயே விளைபொருளுக்குக் கூடுதல் விலை பெறலாம். சமையற்காரர் வயலுக்குள் வந்தால் எவற்றைப் பார்ப்பார் என்று தெரிந்துகொள்வது அதற்கு முதற்படி.

அரிசி: புதிதா, பழையதா?

உழவர் நெல்லை மூட்டைக் கணக்கில் பார்க்கிறார். சமையற்காரர் அதே நெல்லைச் சோறாகப் பார்க்கிறார். அறுவடை முடிந்த உடனே அரைத்த அரிசி குழையும், கஞ்சி மிகும். அதையே நெல்லாக நாலைந்து மாதம் காற்றோட்டமான இடத்தில் வைத்திருந்து அரைத்தால் சோறு உதிரியாக வரும், அளவும் காணும். சேமிப்புக் காலத்தில் மாவுச்சத்தும் புரதமும் கொழுப்பும் மாறுதல் அடைந்து மணி இறுகுவதே காரணம். பந்திக்குச் சமைப்பவர்கள் பழைய அரிசி கேட்பது இதனால்தான். நெல்லின் ஈரம் 14 சதவீதத்துக்கு மேல் இருந்தால் சேமிப்பில் பூஞ்சணமும் பூச்சியும் பிடிக்கும். நன்கு காய்ந்த நெல்லே பழைய அரிசிக்கு ஏற்றது.

சோற்றின் தன்மையை முடிவு செய்யும் மற்றொன்று அமைலோஸ் என்னும் மாவுப் பொருள். இது 25 சதவீதத்துக்கு மேல் உள்ள இரகங்கள் உதிரியாக வேகும், ஆறினால் சற்று விறைக்கும். குறைவாக உள்ளவை மென்மையாகவும் ஒட்டும் தன்மையோடும் இருக்கும். சாப்பாட்டுக்கு ஒன்று, இட்லிக்கு ஒன்று, பிரியாணிக்குச் சீரகச் சம்பா, இனிப்புக்குக் கவுனி என்று அரிசி பிரிவது இப்படித்தான். மணம் உள்ள சீரகச் சம்பாவை மற்ற நெல்லோடு கலந்து விற்றால் அந்த மணத்துக்கு விலை கிடைக்காது. களத்திலேயே தனியாக அடித்து, தனியாக மூட்டை கட்டி வைக்க வேண்டும்.

உளுந்து: மாவு காணுகிறதா?

இட்லிக் கடைக்காரர் உளுந்து வாங்கும்போது கேட்கும் முதல் கேள்வி, மாவு காணுமா என்பதுதான். உளுந்தில் உள்ள அரபினோகேலக்டான் என்னும் பிசுபிசுப்பான பொருளும் ஒருவகைப் புரதமும் சேர்ந்து, மாவு புளிக்கும்போது உண்டாகும் காற்றுக் குமிழிகளைப் பிடித்து வைக்கின்றன. அதனால்தான் இட்லி பூப்போல எழும்புகிறது. புதிய, முழுமையாக முற்றிய, பூச்சி படாத உளுந்து நன்றாகக் காணும். நாட்பட்டதும் சுருங்கியதும் அவ்வாறு காணாது. அரிசி பழையதாக இருக்க வேண்டும், உளுந்து புதியதாக இருக்க வேண்டும் என்ற இந்த ஒரு செய்தியே உழவர் எதைச் சேமிப்பது, எதை உடனே விற்பது என்பதைச் சொல்லிவிடும்.

புதுக்கோட்டை மாவட்டத்து வம்பனில் தேசியப் பயறுவகை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அங்கிருந்து வந்த வம்பன் 8, வம்பன் 10, வம்பன் 11 ஆகிய உளுந்து இரகங்கள் மஞ்சள் தேமல் நோயைத் தாங்கக்கூடியவை. ஏறக்குறைய 65 முதல் 75 நாளில் அறுவடைக்கு வரும். சம்பா அறுவடைக்குப் பின் நிலத்தில் ஈரம் இருக்கும்போதே விதைத்தால், சும்மா கிடக்கும் நிலத்தில் ஒரு வருமானம் கிடைக்கும், மண்ணுக்குத் தழைச்சத்தும் சேரும்.

காய்: எடையா, பிஞ்சா?

எடைக்கு ஆசைப்பட்டுக் காயை முற்ற விடுவது நம் தோட்டங்களில் வழக்கமாக நடக்கும் தவறு. வெண்டை பூத்து 6 அல்லது 7 நாளில் பறிக்கும் பக்குவம் பெறும். நுனியை ஒடித்தால் சட்டென்று ஒடிய வேண்டும், வளைந்தால் நார் ஏறிவிட்டது என்று பொருள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்கத் தவறினால் முற்றிய காய் சேரும். அதோடு செடி விதையை முற்றவைப்பதில் இறங்கிப் புதுப் பூ விடுவதையும் குறைத்துக்கொள்ளும். கத்தரிக்காய் பளபளப்பாக இருக்கும்போதே பறிக்க வேண்டும். பளபளப்பு மங்கினால் விதை கடுத்துவிட்டது. கீரையை வெயில் ஏறுமுன் அறுத்து நிழலில் வைக்க வேண்டும். சின்ன வெங்காயத்தைத் தாள் சாய்ந்த பின் எடுத்து, நிழலில் பரப்பிக் கழுத்துப் பகுதி காயவிட்டால்தான் பட்டறையில் நிற்கும்.

நிலக்கடலையில் எச்சரிக்கை இன்னும் அதிகம் தேவை. ஈரத்தோடு குவித்து வைத்தால் ஒருவகைப் பூஞ்சணம் வளர்ந்து அப்ளாடாக்சின் என்ற நச்சை உண்டாக்கும். சமைத்தாலும் வறுத்தாலும் அந்த நச்சு முழுவதும் போகாது. காயின் ஈரம் 8 சதவீத அளவுக்கு இறங்கும்வரை காயவைப்பது அவசியம். தம் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கடலை மிட்டாய் செய்பவர் இதில் கவனக்குறைவாக இருக்க மாட்டார். விற்பனைக்கும் அதே கவனம் வேண்டும்.

பாரிஸ் சமையற்காரரின் மூன்று தோட்டங்கள்

சமையற்காரர் வயலுக்கு வந்தால் மண்ணையும் வேறு கண்ணோடு பார்க்கிறார். இதற்கு பிரான்ஸ் நாட்டு அலென் பஸ்ஸார் நல்ல உதாரணம். 1956-இல் பிறந்த இவர், 1986-இல் பாரிஸில் 'லார்பேஜ்' என்ற உணவகத்தைத் தொடங்கினார். அந்நாட்டில் உணவகங்களுக்குக் கொடுக்கும் மிக உயர்ந்த மதிப்பான மூன்று நட்சத்திரத்தை 1996-இல் பெற்றார். இறைச்சிச் சமையலுக்குப் புகழ் பெற்றிருந்த இவர், 2001-இல் ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி வகைகளைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டுக் காய்கறியை முதன்மையாக்கினார். தொழில் படுத்துவிடும் என்று பலர் எண்ணினார்கள். நட்சத்திரங்கள் மூன்றும் நிலைத்தன. 2025 ஜூலையில் தேனைத் தவிர மற்ற எல்லாப் பண்டத்தையும் தாவர உணவாகவே மாற்றிவிட்டார்.

காய்கறியே முதன்மை என்றானதும், சந்தைக் காய் அவருக்குப் போதவில்லை. 2002-இல் பாரிஸிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் சார்த் பகுதியில் சொந்தத் தோட்டம் போட்டார். பின்னர் வேறு இரண்டு பகுதிகளிலும் தோட்டம் அமைத்தார். ஒன்று மணற்பாங்கு, மற்றொன்று களிமண், மூன்றாவது கடலோர வண்டல். கேரட் போன்ற வேர்க்காய்களுக்கு மணல், கோசு வகைகளுக்குக் களி என்று மண்ணைப் பார்த்துப் பயிரைப் பிரித்துக்கொண்டார். உழவுக்குக் குதிரை. இரசாயன மருந்து கிடையாது. காலையில் பறித்த காய் அன்றைக்கே பாரிஸ் சமையலறைக்கு வந்துவிடும். சமையற்கழிவு மக்கு உரமாவதற்குத் தோட்டத்துக்குத் திரும்பிப் போகும்.

மண்ணால் சுவை மாறும் என்பது நம் உழவர்களுக்குப் புதிய செய்தி அல்ல. இராமநாதபுரம் முண்டு மிளகாயும் வேலூர் இலவம்பாடி முள்ளுக் கத்தரியும் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றன. அந்த மண்ணில் விளைந்தால்தான் அந்தச் சுவை என்பதற்கு அரசு அளித்த சான்று இது. ஆனால் கோணிப்பையில் ஊர்ப் பெயர் இல்லாமல் போனால் அந்தச் சான்றால் உழவருக்கு ஒரு காசும் கிடைக்காது.

சுவைக்காக ஒரு பூசணி

மண்ணைப் போலவே விதையையும் சமையற்காரர் மாற்ற முடியும். அமெரிக்காவின் டான் பார்பர் 1969-இல் பிறந்தவர். பாட்டியின் பண்ணையின் பெயரையே வைத்து, 2000-இல் நியூயார்க்கில் 'புளூ ஹில்' உணவகத்தையும், 2004-இல் நகருக்கு வெளியே ஒரு பண்ணைக்குள்ளேயே இரண்டாவது உணவகத்தையும் தொடங்கினார். கார்னெல் பல்கலைக்கழகத்துப் பயிர்ப் பெருக்க விஞ்ஞானி மைக்கேல் மசூரெக்கிடம் 2009-இல் அவர் ஒரு வேண்டுகோள் வைத்தார். நீர்ச்சத்து மிகுந்த பெரிய பூசணி வகையைச் சிறியதாகவும் சுவை மிகுந்ததாகவும் ஆக்கித் தர முடியுமா என்று கேட்டார். சுவைக்காக இரகம் வேண்டும் என்று அதுவரை எவரும் தம்மிடம் கேட்டதில்லை என்று அந்த விஞ்ஞானி சொன்னதாகப் பார்பர் குறிப்பிட்டிருக்கிறார்.

அந்த முயற்சியில் 'ஹனிநட்' என்ற சிறு பூசணி பரவலாயிற்று. கொடியிலேயே பழுக்கும்போது பச்சை நிறம் மாறித் தேன் நிறம் அடையும். அறுவடைப் பக்குவம் எது என்று பயிரே காட்டிக்கொடுத்துவிடும். உழவருக்கும் இலாபம், சமைப்பவருக்கும் இலாபம். 2018-இல் இருவரும் மற்றொருவருடன் சேர்ந்து சுவைக்கு முதலிடம் தரும் விதை நிறுவனம் ஒன்றையே தொடங்கினார்கள்.

பயிர்ப் பெருக்க ஆராய்ச்சி விளைச்சலையும் நோய் எதிர்ப்பையும் முன்னிறுத்தியே நடந்து வந்திருக்கிறது. பசியைப் போக்க அது தேவைப்பட்டது. அத்தோடு சுவையும் வேண்டும் என்று கேட்பவர் உழவராகவும் சமையற்காரராகவும் இருந்தால், ஆராய்ச்சி நிலையத்தில் அந்தக் குரலுக்கு எடை கூடும். வயல் விழாவுக்குப் போகும் உழவர்கள், இந்த இரகம் ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்பதோடு, சோறு எப்படி இருக்கும், மாவு காணுமா என்றும் கேட்க வேண்டும்.

உழவர் குடும்பம் செய்யக்கூடியவை

மானாவாரி மற்றும் கண்மாய்ப் பாசனக் குடும்பங்கள் கீழ்க்கண்டவற்றைத் தங்கள் வசதிக்கு ஏற்பக் கடைப்பிடிக்கலாம்.

1. முகூர்த்தப் பட்டியலைப் பார்த்து விதைக்க வேண்டும். தை, வைகாசி, ஆவணி மாதங்களில் கல்யாணச் சமையலுக்குக் காய் தேவை மிகும். ஆடியிலும் மார்கழியிலும் சரிந்துவிடும். முளைக்கீரைக்கு 25 நாள், வெண்டை முதல் பறிப்புக்கு 45 நாள், சாம்பல் பூசணிக்கு ஏறக்குறைய 4 மாதம் என்று பின்னோக்கிக் கணக்கிட்டு விதைப்பு நாளைக் குறிக்கலாம்.

2. சுற்று வட்டாரத்துச் சமையல் ஒப்பந்தக்காரர்கள் நாலைந்து பேரை அறிந்து வைத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் பட்டியல் போடும்போதே எந்தக் காய், எத்தனை கிலோ, எந்த நாள் என்று கேட்டு வாங்கினால் தரகு மிச்சம். உள்ளூர்த் தேவைக்குப் போக மீந்ததை உழவர் சந்தைக்குக் கொண்டு போகலாம். 1999-இல் தொடங்கிய உழவர் சந்தைகள் நேரடி விற்பனைக்காகவே ஏற்பட்டவை.

3. சாம்பல் பூசணி, பரங்கி, சேனை, சின்ன வெங்காயம் போன்றவை குளிர்பதன வசதி இல்லாமலே சில வாரங்கள் முதல் மாதக்கணக்கில் நிற்கும். விலை சரிந்த நாளில் விற்றாக வேண்டிய கட்டாயம் இவற்றில் குறைவு.

4. விலை மிகவும் சரியும் நாட்களில் கத்தரி, கொத்தவரை, மிளகாய், சுண்டை ஆகியவற்றை வற்றலாக்கலாம். தரையில் காயவைக்காமல் உயரமான பரண் அமைத்து, மேலே மெல்லிய துணி போர்த்தினால் மண்ணும் ஈயும் சேராது.

5. நெல்லை அரிசியாகவும், கடலையை எண்ணெயாகவும், உளுந்தைப் பருப்பாகவும் மாற்றி விற்கும்போது கழிவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 100 கிலோ நெல்லில் 65 கிலோ அளவுக்கே அரிசி கிடைக்கும். 100 கிலோ நிலக்கடலைக் காயில் சுமார் 70 கிலோ பருப்பு வரும். தவிடும் புண்ணாக்கும் மாட்டுக்கு ஆகும் என்பதால் அவற்றின் மதிப்பையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

6. உணவுப் பண்டம் செய்து விற்பவர் சிறு அளவில் செய்தாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு பெற வேண்டும். தண்ணீர், பாத்திரம், கை ஆகிய மூன்றின் சுத்தத்தில் ஒரு நாள் தவறினால் பல ஆண்டு நற்பெயர் போய்விடும்.

7. முதல் ஆண்டில் ஒரு பண்டம், அல்லது இரண்டு பண்டம் போதும். கடன் வாங்கி இயந்திரம் வைப்பதற்கு முன் ஊர்த் திருவிழாவிலும் உறவினர் விசேஷத்திலும் செய்து பார்த்து, வாங்கியவர் மறுபடி கேட்கிறாரா என்று கவனிக்க வேண்டும்.

வீட்டுப் பெண்களின் உழைப்பை இலவசமாக எண்ணிவிடக் கூடாது. அதற்கும் கூலி போட்டுப் பார்த்து, அதன் பிறகும் மிஞ்சினால்தான் அது இலாபம். விறகு, எரிவாயு, விற்காமல் மீந்த பண்டம் ஆகியவையும் கணக்கில் வர வேண்டும். இந்தக் கணக்கை எழுதாமல் தொடங்கியவர்களே பெரும்பாலும் பாதியில் நிறுத்துகிறார்கள்.

நகர வாசகர்களுக்கு

ராஜா அண்ணாமலைபுரம் போன்ற பகுதிகளில் வாழ்பவர்களும் இதில் செய்யக்கூடியது உண்டு. காய் வாங்கும்போது விலையோடு மூன்று கேள்விகள் சேர்த்துக் கேட்கலாம். எந்த ஊர்க் காய்? என்ன இரகம்? எப்போது பறித்தது? கேட்பவர்கள் பெருகினால் பதில் சொல்லும் வியாபாரிகளும் பெருகுவார்கள். ஊர்ப் பெயரும் பறித்த நாளும் தெரிந்த காய்க்கு நல்ல விலை கிடைத்தால் அதில் ஒரு பங்கு உழவரையும் அடையும்.

மாடியில் நாலு பைகளில் தென்னை நார்க்கழிவும் மண்ணும் மக்கு உரமும் கலந்து நிரப்பி முளைக்கீரை, வெண்டை, மிளகாய், கறிவேப்பிலை வைக்கலாம். மாடித் தளத்தில் நீர் தேங்காதபடி பைகளைச் சற்று உயர்த்தி வைப்பது கட்டடத்துக்கு நல்லது. காய்கறித் தோலையும் கழிவையும் மக்க வைத்து மறுபடி பைக்கே இடலாம். குடும்பத்துக்கு வேண்டிய காய் முழுவதும் இதில் கிடைத்துவிடாது. ஆனால் ஒரு வெண்டை எத்தனை நாளில் முற்றுகிறது, ஒரு நாள் தண்ணீர் மறந்தால் செடி என்ன ஆகிறது என்பது தெரிந்துவிடும். அது தெரிந்தவர் உழவரிடம் அநியாய விலை பேச மாட்டார்.

சின்ன வீரமங்கலத்துக் குடும்பத்துக்கு மழையும் மண்ணும் மற்றவர்களுக்குக் கிடைத்த அளவே கிடைத்தன. கூடுதலாக இருந்தது ஒரு முதியவரின் கைப்பக்குவமும், அதை மதித்த பேரன்மாரும்தான். விசேஷ வீட்டுச் சமையல் தெரிந்தவர், வற்றல் போடத் தெரிந்தவர், ஊறுகாய்க்கு உப்பு அளவு அறிந்தவர் என்று எந்தக் கிராமத்திலும் சிலர் இருப்பார்கள். வரும் மாசியில் களம் காலியானதும், அவர்களை அழைத்துத் தம் வயலின் விளைபொருளை ஒருமுறை சமைத்துப் பார்க்கச் சொல்லி, அவர்கள் சொல்லும் குறையைக் கேட்டு அடுத்த விதைப்பைத் திட்டமிடுவது நல்ல தொடக்கமாக அமையும்.